உறங்காத வாள்

எங்கள் வீட்டு வாளைப் படுக்க வைக்கக் கூடாது. அறைப்புரையின் வடக்கு மூலையில், தேக்குச் சட்டத்தில் அடித்திருக்கும் இரண்டு ஆணிகளுக்கு நடுவில், கைப்பிடி மேலே இருக்கும்படி நிறுத்தித்தான் வைக்க வேண்டும். வருஷத்தில் ஒரு ராத்திரி மட்டும், எங்கள் சாமியின் கொடை விழாவுக்கு, குளத்தங்கரை மடைக்குக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் கிடத்துவோம். விடிந்ததும் அனுமதி கேட்டு எடுத்து வந்து மறுபடியும் நிறுத்திவிடுவோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமா காலமானார். அம்மையின் மூத்த அண்ணன். பதினாறு கழிந்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிய பிறகு, மாமாவின் மகன், எனக்கு அத்தான், அறைப்புரையைத் திறந்து வாளைக் காட்டினார். "இது உனக்கு உள்ளதுல்லா, எடுத்துட்டுப் போ" என்றார். "உங்க அப்பா வச்சிருந்தது. உங்களுக்குத்தான் அத்தான்" என்றேன் நான். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் ஒரு காலத்தில் மருமக்கவழிதான் நடந்தது. குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் பொறுப்பு அவர் மகனுக்குப் போகாது, உடன்பிறந்தாள் மகனுக்குப் போகும். அதில் மனைவியும் மக்களும் பட்ட பாட்டைக் கவிமணி பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார். 1926-ல் திருவிதாங்கூர் அரசு சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அந்த முறைக்கு முடிவு வந்தது. அதற்குப் பிறகும் வயலுக்காகவும் விளைக்காகவும் எத்தனையோ குடும்பங்கள் கோர்ட்டு ஏறியிருக்கின்றன. எங்கள் குடும்பமும் ஏறியிருக்கிறது. வயல் என்றால் மருமகன் பழைய முறையைச் சொல்வான், மகன் புதுச் சட்டத்தைச் சொல்வான். வாள் என்று வந்தால் அப்படியே தலைகீழ். மகன் பழைய முறையைச் சொல்கிறான், மருமகன் சட்டத்தைச் சொல்கிறான். அன்று நானும் அதையே செய்தேன். வாளைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கொடைக்குப் போனவர். அவர் காத்த ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தது பல நாள் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

இந்த வாளோடு ஒரு பட்டமும் எங்கள் குடும்பத்துக்கு வந்தது. செண்பகராமன்.

பாட்டா இருந்தவரை அந்தப் பட்டம் வந்த கதையை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார். சாயங்காலம் படிப்புரையில் சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் யானை வந்துவிடும். யானை மேல் எங்கள் காரணவர், முன்னால் மேளம், இரண்டு பக்கமும் பந்தம். பாட்டா சொன்னதில் பந்தத்தின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடியது. ஆனால் யானையும் ஊர்வலமும் உண்மைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். செண்பகராமன் என்பது மார்த்தாண்ட வர்மா மகாராஜா ஏற்படுத்திய வீரப் பட்டம். 1729-லிருந்து 1758 வரை ஆண்டவர் அவர். சின்ன வேணாட்டைப் பெரிய திருவிதாங்கூராக ஆக்கினார். அதற்குக் கூட நின்றவர்களுக்குக் கொடுக்க அவருக்கு ஒரு மரியாதை தேவைப்பட்டது. பட்டம் வாங்குகிறவரை யானை மேல் ஏற்றிக் கோட்டைக்குள் நான்கு தெருவும் சுற்றி வரச் செய்வார்கள், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் கூடவே வருவார்கள். அன்றிலிருந்து அவர் பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும். பிறகு குடும்பத்தில் இறங்கி வரும்.

எங்கள் மாவட்டத்தில் இந்தச் சொல் இன்னும் பல இடங்களில் கிடக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் செண்பகராமன்புதூர் என்று ஒரு ஊரே இருக்கிறது. தினமும் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள்! திருவிதாங்கூர் மந்திரியாக இருந்த தலக்குளத்து வேலுத்தம்பி தளவாயின் முழுப் பெயரிலும் செண்பகராமன் உண்டு. அப்புறம், நாஞ்சில் நாட்டுக் குடும்பத்தில் வந்து 1891-ல் திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை. அவர் காலத்துக்குள் பட்டம் வெறும் பெயராகிவிட்டது, பிறந்த பிள்ளைக்கு இடுகிற பெயர். அந்தப் பிள்ளை ஐரோப்பாவுக்குப் போய், வெள்ளைக்காரனை விரட்ட ஜெர்மனியில் இருந்துகொண்டு வேலை செய்து, 1934-ல் பெர்லினிலேயே இறந்துபோனார். தன் சாம்பலைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவ வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் மனைவி லட்சுமிபாய் அந்தச் சாம்பலை முப்பது வருஷத்துக்கு மேல் கையில் வைத்துக் காத்திருந்தார். 1966-ல்தான் அது கடற்படைக் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தது. அந்தப் பெயரைச் சுமந்த எல்லோரிலும் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். யானையில் ஏறாமல், சாம்பலாக வயலுக்கு வந்த செண்பகராமன்.

பாட்டா கதையில் யானை இறங்கிய இடத்தோடு எல்லாம் முடிந்துவிடும். "அப்புறம் பாட்டா?" என்று கேட்டால், "அப்புறம் என்ன, காரணவர் ஊருக்கு வந்தாரு, சாப்பிட்டாரு, உறங்கினாரு" என்பார். மீதியைச் சொன்னது ஆச்சி. அடுக்களையில் வைத்து, குரலைத் தாழ்த்தி, எங்கள் பத்து வயதுக்கு மேல்தான் சொன்னாள்.

மழை பொய்த்த வருஷம். முதல் போகமான கன்னிப்பூ நட்டு ஒரு மாதம். பேச்சிப்பாறை அணையெல்லாம் 1906-ல் வந்தது. அதற்கு முன்னால் குளத்தில் நிற்கும் தண்ணீர்தான் உயிர். எங்கள் குளத்தில் அன்றைக்கு முழங்காலளவு கிடந்தது. மேல்மடைக்கு இத்தனை நாழிகை, கீழ்மடைக்கு இத்தனை நாழிகை என்று முறை வைத்து விட்டார்கள். கீழ்மடையில் தண்ணீர் பார்த்த வேலைக்காரனுக்குக் காய்ச்சல். அவன் மகன் காவலுக்கு வந்தான். மீசை அரும்பாத பையன் என்பாள் ஆச்சி. கீழே நாற்று காய்கிறதைப் பார்க்கச் சகிக்காமல் முறைக்கு முன்னாலேயே மடையைத் திறந்துவிட்டான். பட்டம் வாங்கி ஊருக்கு வந்து மூன்றாம் நாள், காரணவர் இடுப்பில் புது வாளோடு கரையில் நடந்து வருகிறார். மடையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது.

ஒரே வீச்சு. பையனைத் தாண்டிப் போன வாள் மடைக்கல்லில் மோதியது. வாளின் கூர் விளிம்பில் ஒரு பல், சின்னப் பள்ளம், விழுந்தது. மடையை அடைக்க ஆள் இல்லை, விடிகிற வரை தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அந்த வருஷம் கீழ்வயலில் நாற்று பிழைத்தது என்று சொல்லும்போது ஆச்சியின் குரல் தடுமாறும்.

காலையில் பையனின் அம்மை வந்தாள். அழவில்லை. ஊரில் எல்லோரும் காரணவரை 'ஏமான்' என்றுதான் அழைப்பார்கள். பட்டத்தைச் சொல்லி நேருக்கு நேர் அழைத்தவள் அவள் ஒருத்திதான். "ஏ செண்பகராமா, எம் பிள்ளைய உறங்க வச்சிட்டே. இனி உன் வாளு உறங்காது. அது இருக்க வீடும் உறங்காது."

கொலைக்கு விசாரணை என்று ஒன்று நடந்ததாகக் கதையில் இல்லை. நடந்திருக்காது. திருவிதாங்கூரில் 1855-ல்தான் அடிமை முறையை முழுக்க ஒழித்தார்கள். அதற்கு முன் அந்தப் பையனும் அவன் அம்மையும் வயலோடு சேர்த்து விற்கப்படக்கூடியவர்கள். அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் ஓலைகளில் அடிமை விற்ற ஓலைகளும் இருக்கின்றன. அவற்றில் ஆளை விற்கிற வாசகம் மாடு விற்கிற வாசகம் போல அத்தனை சாதாரணமாக ஓடும். அப்படி ஒரு காலத்தில் அவள் போய் நிற்க ஒரு வாசல் கிடையாது. வாயில் இருந்த சொல் ஒன்றுதான் சொந்தம். அதைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு காரணவர் உறங்கவில்லை என்பது கதை. ராத்திரியெல்லாம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதாம். ஏழாம் மாதம் குளத்தில் கிடந்தார். அவருக்குப் பின் வாளைப் பிடித்த மருமகனும் அப்படியே. மூன்றாவது ஆள்தான் சோழி போட்டுப் பார்த்து, மடையில் பீடம் கட்டி, பையனை மடைமாடனாகவும் அவன் அம்மையை இசக்கியாகவும் குடியேற்றி, வருஷத்துக்கு ஒரு நாள் வாளைக் கொண்டுவந்து அவன் காலடியில் கிடத்துவதாக நேர்ந்துகொண்டார். அவள் சொல்லை மீற முடியாது, வாள் வீட்டில் உறங்காது. ஆனால் அவன் முன்னால் ஒரு ராத்திரி உறங்கலாம். இது அவன் கொடுத்த சலுகை. அதனால்தான் எடுக்கும்போது அனுமதி கேட்கிறோம்.

மாமாவுக்கும் உறக்கம் இல்லை. சர்க்கரை வியாதி, ராத்திரி நாலு தடவை எழும்புவார் என்று டாக்டர் காரணம் சொன்னார். அதுவும் சரிதான். ஆனால் எழும்பினவர் திரும்பிப் படுக்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு குளத்தங்கரை வரை போய் மடையைப் பார்த்துவிட்டு வருவார். முப்பது வருஷம் போனார். சாபத்தை நம்புகிறாயா என்று என் மகள் கேட்டாள். நான் சொன்னது இதுதான்: உன் பாட்டா முறை உள்ளவர் ஒருத்தர், தான் செய்யாத ஒரு கொலைக்காக முப்பது வருஷம் ராத்திரி எழும்பி மடைக்குப் போயிருக்கிறார். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாமா போன வருஷம் புரட்டாசியில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். நவராத்திரிக்கு உடைவாள் எடுக்கிற நாள். சின்ன வயதில் பார்த்தது. தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். முதல் ராத்திரி குழித்துறை, அடுத்த ராத்திரி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். ராஜாக்கள் தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து மாற்றி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் ஆயிற்று. ஆனால் அரண்மனை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறை கையில். அந்தத் துறைக்காரர்கள் உப்பிரிகை மாளிகையிலிருந்து ராஜாவின் உடைவாளை எடுத்துக் கொடுக்கிறார்கள், கை மாறி அது வாசலுக்கு வருகிறது. இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. வாள் முன்னே போக, சாமிகள் பின்னே போகிறார்கள்.

எனக்கு முன்னால் நின்ற பாட்டி ஒருத்தி வாள் கடந்துபோகையில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் கை தானாக உயர்ந்தது. வாள் சின்னதாகத்தான் தெரிந்தது. பட்டு சுற்றி, இரண்டு கையிலும் ஏந்தி, பிள்ளையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனார்கள். யாருமே அதை வாளாகப் பிடிக்கவில்லை.

1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா செய்ததை அப்போது நினைத்துக்கொண்டேன். பத்மநாபசாமி கோயில் ஒற்றைக்கல் மண்டபத்தில் தன் உடைவாளைச் சாமியின் முன் வைத்து, நாட்டை முழுவதுமாக எழுதிக் கொடுத்து, பிறகு அந்த வாளைச் சாமியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். திருப்படிதானம் என்பார்கள். அன்றிலிருந்து அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஸ்ரீபத்மநாபதாசர்கள், சாமிக்காக நாடு ஆள்கிறவர்கள். அரசியல் தந்திரம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்த வாள் அதற்கு முன்னால் என்னென்ன செய்தது என்று நினைத்தால், அவருக்கு அதைக் கீழே வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பட்டத்துக்குப் போட்டியாக நின்ற தம்பிமார், முந்தின ராஜாவின் மக்கள், நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள். ராஜாவை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமார் அழிக்கப்பட்டார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் துறையேற்றப்பட்டார்கள், அதாவது கடற்கரை மீனவர்களிடம் கொடுக்கப்பட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வில்லுப்பாட்டில் தம்பிமார் கதை பாடுவார்கள். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வெட்டியவர் மகாராஜா, நாட்டை உண்டாக்கியவர், 1741-ல் குளச்சலில் டச்சுக்காரனை அடித்தவர். ஆனால் குடம் அதிர, உடுக்கை விம்மப் பாட்டு போய் நிற்கிற இடம் வெட்டுப்பட்டவர்களிடம். அவர்களுக்குத்தான் படப்பு என்கிற படையல், அவர்களுக்குத்தான் சாமியை வரவழைக்கிற வரத்துப்பாட்டு. எங்கள் மாவட்டத்தில் குளக்கரையிலும் விளையிலும் முச்சந்தியிலும் இருக்கும் பீடங்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள். வெட்டுப்பட்டவன், கர்ப்பத்தோடு கொல்லப்பட்டவள், பழி சுமத்தப்பட்டுத் தூக்கில் தொங்கியவன். வாள் பிடித்தவனுக்கு ஓலையில் இடம் கிடைத்தது. வாள் விழுந்தவனுக்கு மண்ணில் இடம் கொடுத்தார்கள் எங்கள் ஊர் ஜனங்கள்.

எங்கள் வீட்டு ஓலையைப் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் காட்டினேன். பட்டம் இருக்கிறது, கரம் ஒழிந்த நிலத்தின் எல்லை இருக்கிறது, வடக்கே ஆறு, கிழக்கே வரம்பு, தெற்கே கீழ்மடை வரை என்று இருக்கிறது. கீழ்மடை வரை வந்து நின்றுவிடுகிறது. பையனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அந்தச் சாபம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அவன் பிறந்ததற்கும் இறந்ததற்கும் எந்தத் தடயமும் இருந்திருக்காது. எங்கள் குடும்பம் அவனை நினைவில் வைத்திருப்பது நல்ல மனதினால் என்று என்னால் சொல்ல முடியாது, பயத்தினால்தான். அந்தப் பயத்தை அவள் எங்களுக்குள் போட்டாள். மகனுக்காக ஒரு தாயால் அன்று செய்ய முடிந்த ஒரே காரியம் அது. அதை அவள் எப்படிச் செய்துவிட்டாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வேலுத்தம்பியின் வாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1809 ஜனவரி 11-ல் குண்டறையில் பிரகடனம் செய்து கும்பெனியை எதிர்த்தார். அடுத்த மாதம் 10-ம் தேதி ஆரல்வாய்மொழிக் கோட்டையைக் கும்பெனிப் படை பிடித்தது. பத்மநாபபுரமும் உதயகிரியும் போயின. ஓடி ஒளிந்து திரிகையில் கிளிமானூர் அரண்மனையில் தன் வாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மண்ணடிக் கோயிலில் உயிரை விட்டார். இறந்த உடலையும் விடாமல் திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் தூக்கிக் கட்டினார்கள். தலக்குளத்து வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கி வாழையும் ஆமணக்கும் நட்டார்கள். ஆனால் வாள் பிழைத்தது. கிளிமானூர்க்காரர்கள் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் காப்பாற்றி, 1957-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் ஒப்படைத்தார்கள். தில்லி அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு 2010-ல் அது திருவனந்தபுரத்துக்கு வந்தது. அதுவே சரியான வழி என்று ஒரு சமயம் நினைத்தேன். எங்கள் வாளையும் ஏதாவது அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டால் என்ன? கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக் கிடக்கட்டும், யாருக்கும் தொந்தரவில்லை.

வேறு யோசனைகளும் வந்தன. பழைய சாமான் வாங்குகிற ஒருவரை யாரோ அத்தானிடம் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் வாளைவிட அதன் கதைக்குத்தான் விலை சொன்னார், சாபம் உள்ள வாள் என்றால் வெளிநாட்டில் நல்ல காசாம். நூறு வருஷம் தாண்டிய பொருள் தொல்பொருள், லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் பண்ணக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது, 1972-லேயே சட்டம் வந்தாயிற்று என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அத்தானே அவரை அனுப்பிவிட்டார். ஜோசியர் ஒருவர் கன்னியாகுமரியில் கடலில் விட்டுவிடுங்கள், ரத்தக் கறை கழுவிப் போகும் என்றார். பரிகாரத்துக்கு அவர் கேட்ட தொகை ஒரு பூ விளைச்சலுக்குச் சமம். தொகையை விடுங்கள். கழுவிப் போகும் என்ற வார்த்தைதான் எனக்கு ஆகவில்லை.

போன வருஷம் மாமி போன் பண்ணினாள். "மக்களே, ஒரு எட்டு வந்துட்டுப் போ. எனக்கு உறக்கமே இல்ல." போய்ப் பார்த்தால், வெள்ளையடிக்கும்போது யாரோ வாளை எடுத்துப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மச்சில் படுக்க வைத்திருக்கிறார்கள். ஐந்து மாதமாக அப்படியே கிடந்திருக்கிறது. இறக்கி முற்றத்தில் வெயிலில் வைத்தேன். முதல் முறையாக அதைச் சாவகாசமாகப் பார்த்தது அன்றுதான். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கனம் இருக்கும். பித்தளைக் கைப்பிடி, உள்ளங்கை படுகிற பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. எத்தனை காரணவர்கள் பிடித்த கை! தகடு முழுக்கச் செம்பு நிறத்தில் துரு பூத்திருந்தது. புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய்ச் சவுரியால் ஒரே திசையில் தேய்த்தேன். கீழே வைத்த சட்டியில் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. துருதான். இருந்தாலும் மாமி பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். முனையிலிருந்து நாலு விரல் தள்ளி அந்தப் பல் இருக்கிறது. பயறு அளவு. விரல் வைத்தால் நகம் மாட்டும். அதற்குள் மட்டும் துரு போகவில்லை. ஈர்க்குச்சியில் துணி சுற்றித் தேய்த்தும் கறுப்பாகவே நின்றது.

அதன்பிறகு தேங்காயெண்ணெய் தடவி, பழைய ஆணிகளுக்கு நடுவில் நிறுத்தினேன். மாமி அன்று ராத்திரி உறங்கினாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அருங்காட்சியக யோசனையை அன்றோடு விட்டுவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர்ப்பலகையில் என்ன எழுதுவார்கள்? செண்பகராமன் பட்டம் பெற்றவரின் வாள், பதினெட்டாம் நூற்றாண்டு. யானை வரைக்கும் உள்ள பாட்டா கதை. ஆச்சி கதை பலகையில் ஏறாது. வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டியைத் திறந்து மடைக்குக் கொண்டுபோக யார் விடுவார்கள்?

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. கொடையில் அனுமதி கொடுப்பவர் கோமரத்தாடி, அருள் வந்து சாமி ஆடுகிறவர். அவர் அந்தப் பையனின் வீட்டு வழியில் வந்தவர். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டு ஆள்தான் மடைமாடனுக்கு ஆடுவார், எங்கள் வீட்டுக் காரணவர் அவர் முன்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, "எடுத்துக்கிடட்டா?" என்று மூன்று தடவை கேட்பார். ஊரில் வேறு எந்த நாளிலும் நடக்காத காரியம் அது. ஒரு காலத்தில் அந்த வீட்டுக்காரர்கள் எங்கள் முற்றத்துக்குக்கூட வர முடியாது. அந்த ஒரு விடியற்காலை மட்டும் நாங்கள் கேட்க வேண்டும், அவர்கள் கொடுக்க வேண்டும். பழைய கோமரத்தாடியும் மாமா போன அடுத்த வருஷமே போய்விட்டார். பேரன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் மெஷின் பார்க்கிறான். இரண்டு வருஷம் கொடை நடந்தது, வில்லு வந்தது, படப்பு போட்டோம், வாள் வரவில்லை.

இந்த வருஷம் கும்பப்பூ அறுவடை முடிந்ததும் அவனைப் போனில் கூப்பிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். பங்குனிக் கொடைக்கு முந்தின நாள் ராத்திரி வண்டியில் வந்து இறங்கினான்.

அத்தானும் நானும் சேர்ந்து வாளை எடுத்துப் போனோம். அண்ணாவி வில்லில் வீசுகோலைப் போட்டதும் கூட்டம் அடங்கிவிட்டது. மடைமாடன் கதையை அவர் பாட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பையன் மடையைத் திறக்கிற இடத்தில் குடக்காரர் கையை நிறுத்திவிட்டார், உடுக்கை மட்டும் லேசாக. தண்ணீர் வருகிற சத்தம் போலவே இருந்தது. கமுகம்பூ வாசமும் சாம்பிராணிப் புகையும். வாள் இலையில் கிடந்தது. அத்தான் மகளும் என் மகளும் போர்வையைப் பகிர்ந்துகொண்டு அங்கேயே உறங்கிவிட்டார்கள்.

அந்தப் பேரன் ஆடவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு, நெற்றியில் மஞ்சணையோடு ராத்திரி முழுக்கப் பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அருள் வரவில்லை. விடிகிற நேரத்தில் எனக்குக் கவலையாகிவிட்டது. அருள் இல்லாமல் அனுமதி கேட்கலாமா என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நான் அவனிடமே போய்க் கேட்டேன். நான் வேறு ஒன்றும் கேட்டேன். இத்தனை வருஷம் நாங்கள் வைத்திருந்தது போதும் என்று படுகிறது தம்பி, வேண்டுமானால் வாளை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம் என்றேன். அத்தானிடமும் முன்பே பேசியிருந்தேன்.

அவன் வாளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அது உங்க கணக்குல்லா அண்ணாச்சி" என்றான். "நாங்க எதுக்கு வச்சிக்கிடணும்? உங்க வீட்டுலயே நிக்கட்டும். வருஷம் ஒரு நா தவறாம கொண்டு வாங்க. நான் லீவு போட்டுட்டு வாறேன்."

அத்தான் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நானும் கட்டினேன். யார் கேட்பது என்று நாங்கள் பேசி வைக்கவில்லை, இரண்டு பேர் வாயிலிருந்தும் சேர்ந்தே வந்தது. "எடுத்துக்கிடட்டா?" மூன்று தடவை கேட்டோம். மூன்றாம் தடவை அவன் சரி என்று தலையசைத்தான். குனிந்து கைப்பிடியைப் பிடிக்கும்போது, "ஒரு நிமிசம்" என்று சொல்லி வாளின் மேல் விரலை வைத்தான். அந்தப் பல்லின் மேல்.

"இதுக்குள்ள துரு நிக்கி, பாத்தியளா? அடுத்த வருசம் இதையும் எடுத்துட்டுக் கொண்டு வாங்க."